துறைமுகத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு: தீவுக் கப்பல் சுற்றுலா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, மண்ணடி பக்கம் கப்பல் சுற்றுலா என்று பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கப்பலுக்குள் எத்தனை நீச்சல் குளம் என்பதைவிட, அது போய் நிற்கிற தீவில் யார் இருக்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம். பதில்களும் அந்தப் பக்கம்தான் சாயும். சில பதில் நீளம், சிலது இரண்டு வரி.

நம்ம துறைமுகத்திலிருந்தே ஏற முடியுமா?

முடியும், ஆனால் வருடம் முழுக்க அல்ல. 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னையிலிருந்து சுற்றுலாப் பயணம் தொடங்கியது. 2023 ஜூனில் அதே கப்பல் இங்கிருந்து இலங்கைக்குப் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள். பொதுவாக மும்பைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும் மாதங்களில்தான் கப்பல் கிழக்குக் கரைக்கு வருகிறது. அதனால் ஜனவரியில் போகலாம் என்று லீவு போட்டு வைக்காதீர்கள். அந்த வருடத்து அட்டவணை வந்த பிறகு லீவு கேளுங்கள்.

கப்பல் புதுசு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1990இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கடலில் இறங்கியது. யூடியூபில் பார்க்கிற இருபது மாடி ராட்சசக் கப்பலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

அந்தமான் போகிற கப்பலும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது பயணிகள் கப்பல். ஸ்வராஜ் த்வீப், நான்கௌரி, நிக்கோபார் என்ற பெயர்களில் பல வருடங்களாக ஓடுகின்றன. போர்ட் பிளேர் (2024 முதல் அதிகாரப்பூர்வமாக ஸ்ரீ விஜயபுரம்) சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். பங்க் வகுப்பில் அடுக்குக் கட்டில், தட்டு நீட்டிச் சாப்பாடு, மேல்தளத்தில் காற்று. ஆட்டம் பாட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் உங்கள் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழராகவோ, வங்காளியாகவோ, மாயாபந்தர் பக்கத்துக் கரேன்காரராகவோ இருக்கலாம். கரேன் மக்கள் 1925இல் பர்மாவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். தீவைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்த மூன்று நாள் பேச்சே போதும். டிக்கெட் பற்றி ராஜாஜி சாலையில் ஷிப்பிங் கார்ப்பரேஷன் அலுவலகத்தில் கேட்கலாம்.

ஒன்று மட்டும். அந்தமான் காட்டில் வாழும் ஜாரவா பழங்குடி மக்களைப் 'பார்க்க' அழைத்துப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு போகாதீர்கள். அவர்களுடைய காப்பகத்துக்குள் வண்டியை நிறுத்துவதும் படம் எடுப்பதும் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது அசிங்கம்தான்.

பல பயணத் திட்டம் இருக்கிறது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

விளம்பரத்தில் எத்தனை நாடு, எத்தனை தீவு என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை விடுங்கள். உள்ளே ஒரு சின்ன அட்டவணை இருக்கும், எந்தத் துறைமுகத்துக்கு எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று. அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது என்று போட்டிருந்தால் உங்கள் கையில் ஒன்பது மணி நேரம் இருப்பதாகக் கணக்குப் போடாதீர்கள். குடியேற்றச் சோதனை முடித்து இறங்க ஒரு மணி நேரமாவது போகும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னாடியே எல்லோரும் ஏறியாக வேண்டும் என்பார்கள். நடுவில் சாப்பாடு. ஊர் பார்க்க மிஞ்சுவது ஐந்தோ ஆறோ மணி நேரம். அதில் நான்கு இடம் என்று ஓடினால் நான்கு வாசலில் நின்று செல்ஃபி எடுத்ததுதான் கணக்கு. ஒரு கோவில், ஒரு தெரு, ஒரு வேளை சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் அந்த ஊர் கொஞ்சமாவது உங்களோடு பேசும். குறைவான துறைமுகம், நிறைய நேரம் நிற்கும் கப்பல், இதுதான் என் கட்சி.

இலங்கைத் துறைமுகங்களில் எது நன்றாக இருக்கும்?

மூன்றும் மூன்று விதம்.

காங்கேசன்துறையில் இறங்கினால் தமிழ் பேசியே எல்லாம் முடித்துவிடலாம். கொஞ்ச தூரத்தில் கீரிமலை. கடலை ஒட்டியே நன்னீர் ஊற்று, அதைக் கேணியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் உப்புக்கடல் அலை அடிக்க, இந்தப் பக்கம் நல்ல தண்ணீரில் குளிக்கலாம். பக்கத்திலேயே நகுலேஸ்வரம் கோவில். வழியில் மாவிட்டபுரம் கந்தசாமி கோவில். யாழ்ப்பாணம் நகரம் சுமார் 20 கிலோமீட்டர். நல்லூர் கோவிலுக்கு ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், எனவே ஒரு வேட்டியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். பெரும்பாலும் ஆகஸ்ட்டை ஒட்டி வரும். உங்கள் கப்பல் தேதி அதோடு பொருந்தினால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நேராக நல்லூர் போங்கள்.

1981இல் எரிக்கப்பட்டு மறுபடி கட்டப்பட்ட பொது நூலகம் நகரத்திலேயே இருக்கிறது. வெளியே நின்று பார்த்தாலும் பார்க்க வேண்டிய இடம். சாப்பாட்டுக்கு ஒடியல் கூழ் எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். காய வைத்த பனங்கிழங்கை மாவாக்கி, அதில் நண்டு, இறால், மீன் எல்லாம் போட்டுக் காய்ச்சுவது. பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கை அவித்துத் தின்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம், அவர்கள் அதை வைத்து ஒரு சமையலறையே நடத்துகிறார்கள். பனம்பழக் கூழைக் காய வைத்த பனாட்டும் வாங்குங்கள்.

போர் நடந்த ஊர் அது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆட்டோவில் ஏறியதும் 'உங்க வீட்ல யாராவது...' என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருகோணமலையில் கோணேஸ்வரம். கடலுக்கு மேலே செங்குத்தான பாறை உச்சியில் கோவில். சம்பந்தர் பாடிய தலம். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பழைய கோவிலை இடித்து, அந்தக் கல்லை வைத்தே கோட்டை கட்டினார்கள். இன்றைக்கும் அந்தக் கோட்டைக்குள் நுழைந்துதான் கோவிலுக்குப் போக வேண்டும். வழியெல்லாம் மான்கள் திரியும். நேரம் மிஞ்சினால் கன்னியா வெந்நீர் ஊற்று, ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு.

அம்பாந்தோட்டையில் துறைமுகத்தை விட்டு வெளியே தூரமாகப் போனால்தான் எதுவும் இருக்கிறது. யால காட்டுக்கு ஜீப்பில் போவார்கள். என்னைக் கேட்டால் கதிர்காமம். சிங்கள பௌத்தர், தமிழ் சைவர், முஸ்லிம்கள், இலங்கைப் பழங்குடிகளான வேடர் எல்லோரும் வந்து கும்பிடுகிற இடம். வளாகத்திலேயே பள்ளிவாசலும் உண்டு. கருவறையில் திரைதான் தெரியும், சிலை காட்ட மாட்டார்கள். பழனி, திருத்தணி பழகிய கண்ணுக்கு அது புதுசு.

கப்பலில்தான் போக வேண்டுமா? நாகப்பட்டினத்திலிருந்து ஏதோ ஓடுகிறதே?

அதுவும் இருக்கிறது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் படகு 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி ஓடியது. சில மணி நேரத்தில் அக்கரை. யாழ்ப்பாணத்தில் தங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு அதுதான் சரி. வானிலையைப் பொறுத்து நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல் பரவாயில்லையா? பினாங்கு போகிறதாமே?

நல்ல தேர்வு. விமானத்தில் சிங்கப்பூர் போய், அங்கே ஏறி பினாங்கு, லங்காவி, புக்கெட் சுற்றி வருகிற பயணங்கள் நிறைய உண்டு. இதில் பினாங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வடசென்னைக்காரர்களுக்கு அது அந்நிய ஊர் கிடையாது.

'ரஜூலா' கப்பல் 1926இல் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுமார் அரை நூற்றாண்டு ஓடியது. பிறகு அந்த வழியில் 'சிதம்பரம்' கப்பல் வந்தது, 1985இல் தீ விபத்துக்குப் பின் அதுவும் நின்றது. மண்ணடியில் பழைய குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள், ரஜூலாவில் போன ஒரு பெரியப்பாவோ சாச்சாவோ இருப்பார்.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. நம்ம ஜார்ஜ் டவுனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அது வேறு கதை. கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நின்றால் டாக்ஸியே வேண்டாம், நடந்தே லிட்டில் இந்தியா போய்விடலாம். குயின் தெருவில் மகா மாரியம்மன் கோவில், 1833இல் எழுந்தது. பக்கத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தொடங்கியது. சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. இந்த மூன்றுக்கும் இடையில் சீனக் கோவிலும் வந்துவிடும். நம் பவழக்காரத் தெரு, மண்ணடி வட்டாரத்தில் நடப்பது போலவேதான் இருக்கும், சுத்தம் மட்டும் அதிகம்.

சாப்பாடு நாசி கண்டார். தோளில் காவடி போல ஒரு கம்பு, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தூக்கிப் போய் விற்றது. இன்றைக்குக் கடை வைத்து நடக்கிறது. 'கறி கலந்து ஊத்துங்க' என்று தமிழிலேயே சொல்லலாம், பல கடைகளில் புரியும். தைப்பூசம் சமயமானால் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகிற கூட்டத்தைப் பாருங்கள். சீனர்களும் காவடி எடுப்பார்கள், வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள்.

லட்சத்தீவு?

கொச்சியிலிருந்து போக வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் நுழைய முடியாது, அதைச் சுற்றுலா ஏற்பாடு செய்பவர்களே வாங்கித் தருவார்கள். நிர்வாகமே 'சமுத்ரம்' என்று ஒரு பயணம் நடத்துகிறது. கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றும் பார்க்கலாம், பகலில் தீவு, இரவில் கப்பல். தீவை ஒட்டிய கடல் ஆழமில்லாததால் கப்பல் வெளியேயே நிற்கும். சின்னப் படகில் மாறி இறங்க வேண்டும், அலை இருந்தால் அந்த மாறுவதே ஒரு வேலை.

மற்ற தீவுகளில் மலையாளத்தின் ஒரு வகை பேச, மினிக்காயில் மட்டும் மாலத்தீவோடு ஒட்டிய மஹல் மொழி. ஆண்கள் உலகம் முழுக்கக் கப்பல் வேலைக்குப் போவார்கள், ஊர் நிர்வாகத்திலும் வீட்டிலும் பெண்களின் கை ஓங்கியிருக்கும். சூரையை அவித்து, புகையூட்டிக் காய வைப்பார்கள். நாம் மாசிக் கருவாடு என்று வாங்குவது இந்த வகைதான். காசிமேட்டில் கருவாடு விற்கிற ஆயாவுக்கு ஒரு துண்டு வாங்கிவந்து கொடுத்தால் தரம் சொல்லிவிடுவார். 1885இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஏற விட்டால் ஏறுங்கள். பங்காரம் தீவு தவிர எங்கும் மது கிடையாது. கடற்கரையில் குளிக்கும் உடையோடு ஊருக்குள் நடக்கவும் கூடாது.

மொரீஷியஸ், கரீபியன் எல்லாம் நமக்கு எட்டுமா?

செலவு எட்டினால் எட்டும். மொரீஷியஸின் போர்ட் லூயியில் ஆப்ரவாசி கட்டம் இருக்கிறது, 1834க்குப் பிறகு கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்கள் கப்பலிலிருந்து இறங்கி ஏறிய படிகள். அங்கே தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து. கரீபியனில் மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்கு 1853, 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள். மொழி போய்விட்டது. மாரியம்மன் இருக்கிறாள், 'கொலொம்போ' என்ற பெயரில் குழம்புப் பொடியும் இருக்கிறது. கப்பல் கடற்கரைச் சுற்றுலாவை நீட்டும், நீங்கள் கோவில் எங்கே என்று கேளுங்கள். மியாமியில் ஏறுவதானால் அமெரிக்க விசா வேண்டும், பிரெஞ்சுத் தீவுகளுக்குத் தனி விசா. பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாஸ்போர்ட், விசா?

உள்நாட்டுப் பயணத்துக்கு அசல் அடையாள அட்டை போதும். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்று இருந்தாலும் பாஸ்போர்ட், அதுவும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும்படி. சிங்கப்பூரில் ஏறி, வெளியே போய், மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்குவதால் ஒருமுறை மட்டும் நுழையும் விசா உதவாது, பலமுறை நுழையும் விசாதானா என்று பாருங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் போனதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

செலவில் எது எதை மறைக்கிறார்கள்?

மறைப்பதில்லை, சின்ன எழுத்தில் போடுவார்கள். விலை பெரும்பாலும் ஒரு ஆளுக்கு, அதுவும் இரண்டு பேர் ஒரு அறையில் தங்கினால். தனியாகப் போனால் இரட்டைக் கட்டணத்துக்குப் பக்கத்தில் வரும். துறைமுகக் கட்டணம், வரி, சேவைத் தொகை தனி. பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிடுவது கணக்கில் வந்துவிடும், தனி உணவகங்கள், குளிர்பானம், மது, இணையம் வராது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சூதாட்டக் கூடம் நடுக்கடலில்தான் திறக்கும். அதற்கு என்னிடம் ஆலோசனை கிடையாது.

தலைசுற்றல், வாந்தி வருமா?

காசிமேட்டு ஆட்களுக்கு இந்தக் கேள்வியே சிரிப்பாக இருக்கும். மற்றவர்களுக்கு: பெரிய கப்பல் விசைப்படகு மாதிரி துள்ளாது, மெதுவாகச் சாயும். சிலருக்கு அந்த மெதுவான சாய்வுதான் ஆகாது. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுத்தால் அசைவு குறைவாகத் தெரியும். மேல்தள பால்கனி அறைக்கு அதிகப் பணம் கொடுத்துவிட்டு அதிக ஆட்டத்தையும் வாங்கிக்கொள்கிறோம். வெறும் வயிறும் கூடாது, பஃபேயில் கட்டு கட்டுவதும் கூடாது. வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரை எடுப்பதானால் வாந்தி வந்த பிறகு அல்ல, கப்பல் கிளம்பும் முன்பே. தூக்கம் வரவழைக்கும், எனவே டாக்டரிடம் கேட்டுவிட்டு. வங்கக்கடல் பிப்ரவரி, மார்ச்சில் சாந்தமாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கரையில் நேரமாகிவிட்டால் கப்பல் காத்திருக்குமா?

கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் தாமதம் என்றால் காத்திருக்கும். நீங்களாக ஆட்டோ பிடித்துப் போயிருந்தால் விட்டுவிட்டுப் போய்விடும். அதற்காக அவர்களுடைய விலை கூடிய சுற்றுலாவிலேயே போக வேண்டும் என்றில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்து இடமானால் தனியாகப் போங்கள், கதிர்காமம் மாதிரி தூரமானால் அவர்களோடு போங்கள். இன்னொன்று, மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். கப்பல் எந்த மணியை வைத்து ஓடுகிறது என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா, அப்பாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. லிஃப்ட் உண்டு, மருத்துவரும் உண்டு, ஆனால் மருத்துவர் கட்டணம் எகிறும். பயணக் காப்பீடு எடுங்கள். தினசரி மாத்திரையை கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டி அறைக்கு வர மாலையாகிவிடும். கப்பல் துறையை ஒட்டி நிற்கிறதா, நடுக்கடலில் நின்று படகு மாறச் சொல்கிறார்களா என்பதை முன்பே கேளுங்கள். முட்டி வலி உள்ளவர்களுக்குப் படகு மாறுவது நடக்காத காரியம். ஏறியதும் நடக்கும் அபாய ஒத்திகையைத் தவறவிடக் கூடாது. 2012இல் கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் கவிழ்ந்த பிறகுதான் அதில் இவ்வளவு கண்டிப்பு வந்தது.

போன் வேலை செய்யுமா?

கரை மறைந்ததும் ஃபிளைட் மோடில் போடுங்கள். கடலில் செயற்கைக்கோள் வழியாக வரும் சிக்னலை போன் தானாகப் பிடித்துக்கொண்டால் பில் பார்த்து மயக்கம் வரும்.

துறைமுகத்துக்கு எப்படிப் போவது?

மெட்ரோவில் மண்ணடி, மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன். அங்கிருந்து ஆட்டோ. எந்த கேட் என்று டிக்கெட்டோடு வரும் தாளில் போட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தவறான கேட்டில் போய் நின்றால் கன்டெய்னர் லாரி வரிசையில் சிக்கிக்கொள்வீர்கள். திருவொற்றியூர், எண்ணூர் பக்கமிருந்து காரில் வருபவர்கள் எக்ஸ்பிரஸ் சாலையை நம்ப வேண்டாம். அயர்ன் பாக்ஸ், கெட்டில் கொண்டுபோனால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

சங்கு, பவளம் எடுத்து வரலாமா?

வேண்டாம். பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை, சில வகைச் சங்குகள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. கரையில் தானாக ஒதுங்கிக் கிடந்தது என்று சொன்னாலும் சுங்கத்தில் எடுபடாது. பனாட்டு, மாசி மாதிரி சாப்பிடுகிற பொருளை பொட்டலம் கட்டி, கடைச் சீட்டோடு எடுத்து வாருங்கள். செடி, விதை, பச்சைப் பழம் வேண்டாம்.